பச்சை ஒயர்

அந்த ஒயரை வெட்டியது நான்தான். வெட்டியதுகூடப் பெரிதில்லை; வெட்டிவிட்டுச் சொன்ன பொய்தான் இத்தனை வருடமாக உறுத்துகிறது.

காரைக்காலில் மைக்செட் ரிப்பேர் என் தொழில். வால்வு காலத்திலேயே கை பழகியவன். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பாடிய அகுஜா ஆம்ப்ளிபையர்களின் அடிவயிற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். "வால்வு செட்டா? அவருகிட்ட கொண்டுபோங்க" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் போதையாகவே இருந்தது.

ஒரு கார்த்திகை மழையில், மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கும் பையன் ஆட்டோவிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான். பாரிஸில் இருக்கும் அவன் பெரியப்பா முந்தின வருடம் கொடுத்தனுப்பிய பழைய கிடார் ஆம்ப்ளிபையர். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-இல் போய்விட்டது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் பென்ஷனும் அங்கிருந்து வரும் பெட்டிகளும் போகவில்லை. உள்ளே மூன்று ஈசிசி 83, இரண்டு ஈஎல் 84 வால்வுகள். "கொர்ர்ர்னு இரையுது அண்ணே. கம்பியத் தொட்டா குறையுது, விட்டா ஏறுது" என்றான்.

பிளக்கைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. பிரெஞ்சு பிளக்கில் எர்த்துக்குக் கால் கிடையாது, ஓட்டைதான் உண்டு. அந்த ஊரில் எர்த் முள் சுவர் சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் 5 ஆம்பியர் சாக்கெட்டில் அந்த பிளக்கின் இரண்டு கால்களும் லொடலொடவென்று போய் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் வரும், விளக்கு எரியும். எர்த் மட்டும் வராது. நம் ஊர் த்ரீ பின் பிளக்கை மாட்டி, எர்த்துக்கான பச்சை ஒயரைச் சேர்த்தேன்.

மிச்ச இரைச்சலை முறைப்படிதான் துரத்தினேன். வால்யூமை முழுக்கக் குறைத்தும் உறுமல் நிற்கவில்லை. ஆகவே கோளாறு வால்யூமுக்குப் பின்னால். முன் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் நிற்கவில்லை. ஆகவே பவர் சப்ளை. காதும் அதையே சொன்னது. ஹீட்டர் ஒயரிலிருந்து புகும் ஹம் 50 சைக்கிள், அடித்தொண்டையில் முனகும். ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோனால் 100 சைக்கிள், கரகரப்போடு உறுமும். கேட்டது இரண்டாவது. முந்நூறு வோல்ட் தேக்கிவைத்திருந்த கண்டன்சர்களை ரெசிஸ்டர் வைத்து வடியவிட்டு, புதியவற்றைப் பற்றவைத்தேன். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த வால்வு சாக்கெட்டுகளைத் துடைத்தேன். பென்சிலால் வால்வுகளைத் தட்டிப் பார்த்து, ஸ்பீக்கரில் கிண்ணென்று கேட்ட ஒன்றுக்குப் பதில், கையிருப்பிலிருந்த பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வைப் போட்டேன். பெட்டி ஊமையாக நின்றது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மெயின் ஒயரிலிருந்து சேஸிஸுக்கு, அதாவது உலோகச் சட்டத்துக்கு, ஒரு பழைய காகிதக் கண்டன்சர் போயிருந்தது. மெயினில் வரும் இரைச்சலை வடிகட்ட அக்காலத்தில் போடுவார்கள். கண்ணில் பட்டது. பிறகு பார்க்கலாம் என்று மூடியை முடுக்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், கோயிலில் மிக்ஸரோடு இணைத்ததும் உறுமல் திரும்பி வந்தது. மிக்ஸர் ஒரு சுவரில், ஆம்ப்ளிபையர் எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் தனித்தனி எர்த், நடுவே சிக்னல் ஒயரின் ஷீல்டு, வளையம் ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே போர்டில் செருகியிருக்கலாம். சிக்னலுக்கு நடுவே 600 ஓம் ட்ரான்ஸ்பார்மர் வைத்து ஷீல்டைப் பிரித்திருக்கலாம். அது கடையில் இருந்தது. மழையில் போய்வர அரை மணி நேரம். பாட்டுக் குழு முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை நறுக்கினேன்.

சட்டென்று அமைதி. "அண்ணன் கை பட்டாலே போதும்" என்றார் ஒருவர். என் தோளுக்கு மேலிருந்து அந்தப் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடு இரவுப் பூசையில், இரண்டாம் பாட்டுக்கு மைக்கிடம் குனிந்தவன் உதடு பட்டதும் பின்னால் தெறித்து விழுந்தான். கம்பியில் கை, எர்த்தான மைக்கில் வாய். விழுந்ததில் மைக் விலகியதால் பிழைத்தான். பழைய ஒயரிங்; கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபி கிடையாது. ஆள் ஓய்ந்த பிறகு சேஸிஸுக்கும் மைக்குக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்: 190 வோல்ட். காகிதக் கண்டன்சர் கசிந்திருந்தது; மிச்சமிருந்த ஒரே எர்த்தான சிக்னல் ஷீல்டும் இடையில் விட்டுப்போயிருந்தது. அந்தக் கசிவைச் சத்தமில்லாமல் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தது நான் நறுக்கிய ஒயர்தான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. 1972 மே மாதம் ஸ்வான்ஸி மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார்க்காரர் லெஸ்லி ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே மின்கிடாரோடு போனார். வேலை பழக வருகிறவர்களுக்கு இந்தக் கதைகளைச் சொல்வதே நான்தான்.

பையன் வெளிறிய முகத்தோடு கேட்டான்: "என்ன அண்ணே ஆச்சு?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். "கை ஈரமா இருந்திருக்கும் தம்பி. மழை, உப்புக் காத்து... வாசிக்கிறதுக்கு முன்னாடி துடைச்சுக்க."

மறுநாளே, "சும்மா ஒரு தடவை பாத்துடுறேன்" என்று பெட்டியை வாங்கிவந்து, கண்டன்சரைப் பிடுங்கி எறிந்து, எர்த்தைச் சேர்த்து, ட்ரான்ஸ்பார்மரும் வைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவன் வீட்டில் நினைத்தார்கள்.

அன்றிலிருந்து அவன் கிடார் பையில் ஒரு துண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் விரல் விரலாகத் துடைப்பான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் கடைக்கு வந்தான். இப்போது அவனே கச்சேரிகளுக்கு செட் போடுகிறான். "ஒரு எடத்துல ஹம் அடங்கவே இல்ல அண்ணே. அப்புறம் நீங்க அன்னைக்குச் செஞ்சதையே செஞ்சேன். பச்சை ஒயர் கட். கப்புனு நின்னுச்சு." முகமெல்லாம் பெருமை.

எனக்குக் கால் நடுங்கியது. பழியை அவன் கையின் மேல் நான் போட்டதால், அந்த வெட்டு அவன் மனதில் வைத்தியமாகவே தங்கிவிட்டது. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்டன்சர், ஒயர், 190 வோல்ட், பொய்.

ஒன்றும் பேசாமல் வெளியே போனான். அந்த இடத்துக்குப் போன் போட்டு, பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் கேட்டான்:

"அப்ப என் கை ஈரமா இல்லியா அண்ணே?"

"காஞ்சுதான் இருந்துச்சு தம்பி."