ஆரின்ரை பிள்ளை, ஊரிலை எவடம்?

அம்மம்மாவுக்கு ஒரு மருந்துப் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். உள்ளே ராஸ்பெரி பை 4. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மணி அடிக்கும், அவ குளிசை எடுப்பா.

போன குளிர்காலத்தில் ஓர் இரவு உறைமழை பெய்து, ஸ்காபரோவில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போய்விட்டது. விடிய ஐந்து மணிக்குத்தான் வந்தது. இணையம் மத்தியானம் வரை இல்லை. நான் வகுப்பு முடிந்து வந்தபோது பன்னிரண்டு மணி. அம்மம்மா காலைக் குளிசை எடுத்திருக்கவில்லை.

"மணி அடிக்கேல்லை, பிள்ளை."

அது பிரஷர் குளிசை.

பை 4இல் பற்றரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. நேரத்தை இணையத்திடம் கேட்கும். இணையம் இல்லாவிட்டால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடரும். பெட்டிக்கு இன்னும் விடியவே இல்லை. இதை நான் முதலே யோசித்திருக்க வேண்டும்.

டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு வாங்கி, நாலு வயரால் ஐ2சி பாதையில் இணைத்தேன். தேடிப் பார்த்தால் 68 என்ற முகவரியில் ஏதோ இருக்கிறது. ஆனால் லினக்ஸுக்குக் கடிகாரம் கிடைக்கவில்லை.

யூஎஸ்பி கீபோர்டைச் செருகினால் அதுவே தன்னை அறிமுகப்படுத்தும். ஐ2சி சில்லு அப்படியல்ல. கலியாண மண்டபத்தில் மூலையில் போனோடு நிற்கும் எங்களைப் போல. அம்மம்மா வந்து கேட்பா: "ஆரின்ரை பிள்ளை? ஊரிலை எவடம்?" பக்கத்தில் நிற்கும் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதில்தான் டிவைஸ் ட்ரீ. அதை எழுத்தில் எழுதி, டிடிசி என்ற கருவியால் மாற்றி வைத்தால், பூட் ஆகும்போது கெர்னலிடம் போய்ச் சேரும். யாருடைய பிள்ளை? ஐ2சி பாதையின் கீழ் எழுதியிருக்கும். எவடம்? 68. பெயர் என்ன? 'கம்பாட்டிபிள்' என்ற வரியில் 'மேக்சிம்,டிஎஸ்3231'. அந்தப் பெயரைத் தெரிந்த டிரைவர் வந்து பொறுப்பெடுக்கும். முன்பு ஏஆர்எம் போர்டுகளின் இந்த விபரங்களை எல்லாம் கெர்னலுக்குள்ளேயே சி மொழியில் எழுதிக் குவித்தார்கள். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே ஏசினார். அதற்குப் பிறகுதான் ஏஆர்எம் உலகம் இந்தப் பக்கம் வேகமாகத் திரும்பியது.

பையில் இதற்கு ஆயத்தமான ஒற்றை வரி இருக்கிறது. எனக்குப் பிடிவாதம், நானே எழுதினேன். இரண்டு பின்னேரம் போனது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. டிடிசி ஏற்றுக்கொண்டது, கெர்னல் வாயே திறக்கவில்லை. கடைசியில் /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ கோப்புறைக்குள் போய், கெர்னல் கையில் இருப்பதை எழுத்தெழுத்தாக வாசித்தேன். 3213 என்று அடித்திருக்கிறேன். டிடிசிக்கு அது மேற்கோள் குறிக்குள் கிடக்கும் வெறும் எழுத்து. அப்படி ஒரு சில்லு உலகத்தில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கெர்னலோ அந்தப் பெயருக்கு ஒரு டிரைவர் வரும் என்று பேசாமல் இருக்கும். கத்தியிருந்தால் ஐந்து நிமிட வேலை! டிவைஸ் ட்ரீயில் எனக்குப் பிடிக்காதது இந்த மௌனம்தான்.

இலக்கத்தை மாற்றி மறுபடி பூட் செய்தேன். தேடல் அட்டவணையில் 68 இருந்த இடத்தில் 'யூயூ': டிரைவர் பொறுப்பெடுத்துவிட்டது. வைஃபையை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொழுவினேன். நேரம் சரி.

அம்மம்மாவுக்குக் காட்டினேன். தலையாட்டினா.

"நல்லது, பிள்ளை. எண்டாலும் நான் இனிச் சுவர் மணிக்கூட்டையும் பாப்பன்."