நிறுத்தலாம், குடியிருக்க முடியாது

சென்ற வாரம் தைப்பிங்கில் நின்ற வண்டி இந்த வாரம் பினாங்குத் தீவில் ஏறிவிட்டது. வண்டியோடு தீவுக்குப் போக இப்போது பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே கார்களை ஏற்றிச் சென்ற பழைய இரட்டைத்தட்டுப் படகுகள் 2020 முடிவோடு ஓய்ந்தன. 2023 ஆகஸ்ட்டில் ஓடத் தொடங்கிய புதிய படகுகள் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் மட்டுமே ஏற்றுகின்றன. எனவே 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் போக வேண்டும். இல்லையென்றால் தெற்கே பத்து காவானிலிருந்து 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம். இரண்டிலும் தீவுக்குள் போகத்தான் டோல். திரும்பி வரக் காசு கிடையாது.

வண்டி, பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியப்பா மகனுடையது. ஹையேஸ் வேன். பின் இருக்கைகளை எடுத்துவிட்டுப் படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்திருக்கிறார். மலேசியாவில் இப்படி மாற்ற நினைப்பவர் தச்சரிடம் போவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைக் கேட்க வேண்டும். பிறகு புஸ்பாகோம் சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி கைகொடுக்குமா என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். அண்ணன் தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.

இந்தத் தொடரைப் படிப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, ராத்திரி சாலையோரம் நிறுத்திவிட்டு உள்ளேயே தூங்கலாமா என்பதுதான். ஜார்ஜ்டவுனைப் பொறுத்தவரை என் பதிலை அண்ணன் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

"தம்பி, நாலு சக்கரமும் கோட்டுக்குள்ள இருக்கணும், காசு கட்டியிருக்கணும், அவ்வளவுதான். நீ உள்ள உக்காந்திருக்கியா, ஊருக்குப் போயிட்டியான்னு ரோட்டுக்குத் தெரியாது. ஆனா கதவத் திறந்து நாற்காலியத் தூக்கி வெளிய போட்ட பாரு, அப்ப நீ வண்டி இல்ல, கடை."

சட்டத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான். போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்துவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் குற்றம். பொது இடத்தை அடைத்துக்கொள்வது 1974ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் வருகிறது. இந்த இரண்டாவது பிரிவைத்தான் வேன்காரர்கள் மறந்துபோகிறார்கள். பந்தலை இழுத்துவிடுவது, மேசை போடுவது, கயிறு கட்டித் துணி காயப்போடுவது எல்லாம் பொது இடத்தை அடைப்பதுதான். பழைய நகரத்தின் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் நடப்பவர்களுக்காக விட்ட வழி. வண்டியின் பக்கக் கதவு அந்தப் பாதையின் வாயை மறைத்தாலே பாட்டிமார் தெருவில் இறங்கி, ஓடும் வண்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டியதாகிவிடும்.

காசு கட்டுவது எளிது. 2019இல் வந்த 'பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, நேரத்தைத் தேர்ந்தால் போதும். கண்ணாடியில் எதையும் ஒட்ட வேண்டாம். அதிகாரிகள் எண்ணை வைத்தே பார்த்துவிடுகிறார்கள். தீவும் பெருநிலமும் வெவ்வேறு மாநகர் கழகங்களின் கீழ் வருவதால், எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதைச் சரியாகத் தேர வேண்டும். கட்டண நேரம் தெருவுக்குத் தெரு வேறுபடலாம். பலகையைப் படிக்காமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

சிக்கல் நீளத்திலும் உயரத்திலும் இருக்கிறது. எங்கள் வேன் 5 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சாதாரணக் கார் கட்டத்தில் மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அடுக்குமாடி நிறுத்துமிடங்களின் வாசலில் தொங்கும் உயரக் கம்பியைப் பார்த்தாலே கூரை உயர்த்திய வேன்காரர் திரும்பிவிட வேண்டியதுதான். இரட்டை மஞ்சள் கோட்டில் 'ஐந்தே நிமிஷம்' என்று நிற்பவர்கள் சக்கரப் பூட்டோடு திண்டாடுவதை லெபோ சூலியாவில் கண்ணால் பார்த்தேன்.

அந்த லெபோ சூலியாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பகலில் பார்த்தால் கார்கள் வரிசையாக நிற்கும் சாதாரணத் தெரு. பொழுது சாயும்போது தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வரும். விளக்கு ஏறும், சட்டி காயும். சற்றுமுன் கார் நின்ற ஓரத்தில் வான்தான் மீ கொதிக்கும். லெபோ கிம்பர்லியிலும் இதே கதை. அங்கே மாலை 4 மணிக்கு ஒருவர் வேனை நிறுத்திவிட்டுத் திரைச்சீலையை இழுத்துத் தூங்கப் போனால், ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தின் மேல் படுத்துத் தூங்குகிறார் என்று பொருள். சட்டப்படி அந்தக் கட்டத்துக்கு அவர் காசு கட்டியிருக்கலாம். இருந்தாலும் இந்த ஊரில் ஒரே அடி நிலத்துக்குக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று உரிமைக்காரர்கள் மாறுகிறார்கள். வெளியூர் வண்டி அதைத் தெரிந்துகொண்டுதான் நிற்க வேண்டும். எந்தத் தெருவில் நிறுத்துவதாக இருந்தாலும் பக்கத்துக் கோப்பிக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரி யார் வருவார்கள் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நம்மவர்களின் தெருக்களும் அப்படித்தான். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் லெபோ குவீனில் இருக்கிறது. சுற்றி லெபோ பாசாரில் பூக்கடை, மசாலைக் கடை, புடவைக் கடை. வெள்ளிக்கிழமை மதியம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் தொழுகைக்கு வருபவர்களின் வண்டிகள் நிறையும். தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கில் உள்ள கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளித் தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கிப் போகும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் 1894 முதல் வைத்திருக்கும் தேர் அது. வழி நெடுகச் சாலை நடுவே தேங்காய்கள் மலையாகக் குவிந்து உடைபடும். அந்த நாள்களில் பாதைகள் மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். தேர்ப்பாதையில் வேனை விட்டுவிட்டு மலைக்குப் போகலாம் என்று கனவிலும் நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, கழிவுநீர். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவோர வடிகாலில் ஊற்றிவிடும் பழக்கம் சில வேன்காரர்களிடம் இருக்கிறது. அந்த வடிகால் மழைநீருக்கானது, நேரே கடலுக்குப் போகிறது. இதில் எனக்குக் கோபமே வருகிறது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் இது. சுமார் 109 ஹெக்டேர் மையப் பகுதிக்குள் இத்தனை கோவில், பள்ளிவாசல், கடைவீடு, சங்கம் எல்லாம் நெருக்கியடித்து வாழ்கின்றன. அங்கே வந்து எண்ணெய்த் தண்ணீரைக் கொட்டுவதற்கு மன்னிப்பே கிடையாது.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? ஜெர்மனியில் ஓட்டுநர் களைப்பு தீர ஓர் இரவு வண்டிக்குள் தூங்குவதற்குத் தடையில்லை. ஆனால் இழுக்கும் காரிலிருந்து கழற்றிய கேரவனைப் பொதுச் சாலையில் 2 வாரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. ஸ்பெயினில் சக்கரம் மட்டும் தரையைத் தொட்டு, வண்டியின் உருவுக்கு வெளியே எதுவும் நீளாமல், ஒரு சொட்டும் கீழே விடாமல் இருந்தால் அது நிறுத்தம், மீறினால் முகாம். அண்ணன் நாற்காலியை வைத்துச் சொன்ன அதே கணக்கு! ஜப்பானின் சாலையோர நிலையங்களில் ஓட்டுநர் இளைப்பாறித் தூங்கிக்கொள்ளலாம், தங்கும் இடமாக்கக் கூடாது.

மலேசிய நெடுஞ்சாலையில் இதற்கு ஈடாக இருப்பவை ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்கள். கழிப்பறை, தொழுகை அறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது அங்கே ஒதுங்குவதுதான் உயிருக்கு நல்லது. அவசரத் தடத்தில் ஒருபோதும் நிறுத்தித் தூங்காதீர்கள்.

ஜார்ஜ்டவுனில் நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். பகலில் பாலம் வழியாக வந்து ஊரின் விளிம்பில் வண்டியை நிறுத்தி நடந்தோம். இரவுக்கு வண்டியை மறுபடியும் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோய் அண்ணன் வீட்டு வாசலில் விட்டோம். மறுநாள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் படகேறினோம். ஜார்ஜ்டவுனைப் பார்க்க இதுவே சரியான வழி என்பது என் முடிவு. படகிலிருந்து இறங்கினால் வெல்ட் கீயின் சீனக் குல ஜெட்டிகள் நடக்கும் தூரம், லிட்டில் இந்தியாவும் நடக்கும் தூரம். வேன் அந்தத் தெருக்களுக்குத் தேவையே இல்லை.

இரு மாநகர் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநிலத்தில் படகுத்துறைக்கு அருகே ஒரு சிறு திடலை, கட்டணம் வாங்கிக்கொண்டே, இத்தகைய வண்டிகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இறக்க ஒரு குழி, இரவில் ஒரு விளக்கு இருந்தால் போதும். வேன்களைத் தெருவிலிருந்து விரட்டுவதைவிட அவை போக ஓர் இடம் இருப்பது நல்லது. அங்காடிக்காரர்களின் ஓரமும் அவர்களுக்கே மிஞ்சும்.

அடுத்த வாரம், பாலிக் புலாவ்.