வாசல் தொலைந்த வீடு

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸ் ஒருபுறமும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறமும் இருந்தன. என் தந்தையார் தம் கடைசி நாட்களில் சொல்லச் சொல்ல, எங்கள் குடும்பக் கதையை அவள் லினக்ஸ் பகுதியில் தட்டச்சு செய்து வைத்தாள். பர்கூர் மலையடிவாரத்தில் புன்செய் உழுத காலம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு முதற்காளையை ஓட்டிச் சென்ற நாள் என நாற்பது பக்கங்கள். நகல் ஒன்று எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

தந்தையார் மறைந்த சில மாதங்களில் விண்டோஸ் பழுதாயிற்று. கடைக்காரர் அதை மீண்டும் நிறுவித் தந்தார். அதன்பின் கணினியை முடுக்கினால் விண்டோஸ் மட்டுமே வந்தது. லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் திரையே இல்லை. "அது போயிருச்சுங்க, மொத்தமா அழிச்சுப் புதுசாப் போட்டுக்கலாங்க" என்றார் அவர். அவரை மறுத்துப் பேச எனக்கு அறிவில்லை. சரி என்று சொல்ல மனமும் இல்லை. கணினியை அப்படியே எடுத்து வந்துவிட்டேன்.

விடுமுறைக்கு வந்த தங்கை மகன், கோவையில் பொறியியல் படிப்பவன், "மாமா, எதையும் ஃபார்மட் பண்ணாதீங்க" என்றான். வன்தட்டின் முதற்கூறு 512 பைட்டுகள் கொண்டது. அதில் முதல் 446 பைட்டுகள் பூட்லோடர் எனும் துவக்கி நிரலின் தொடக்கத்திற்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகள் பாகப்பிரிவினை அட்டவணை. விண்டோஸ் நிறுவப்பட்டபோது துவக்கி மட்டுமே மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. பாகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று விளக்கினான். வாசலை அடைத்துவிட்டார்கள், வீடு இடியவில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

அவன் பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, பாகங்களைப் பட்டியலிட்டான். ஐந்தாம் பாகத்தைத் திறந்ததும் மகளின் கோப்பு தெரிந்தது. துவக்கியைத் தொடுமுன் அதை வெளியே நகல் எடுத்தான். பிறகு அந்தப் பாகத்திற்குள் புகுந்து, க்ரப் எனும் துவக்கியை நிறுவும் கட்டளையைக் கொடுத்தான். எச்சரிக்கை ஒன்று வந்தது. மறுமுறை முடுக்கியபோது மீண்டும் விண்டோஸே வந்தது. முழுத் தட்டின் பெயரைச் சொல்வதற்குப் பதில் ஐந்தாம் பாகத்தின் பெயரைச் சொல்லியிருந்தான். தட்டின் பெயரிலேயே திரும்ப நிறுவி, பட்டியலைப் புதுப்பித்ததும், இரண்டு பெயர்களும் திரையில் வரிசையாக எழுந்தன.

இன்றைய புதிய கணினிகளில் துவக்கி தனிப் பாகம் ஒன்றில் இருக்கிறது. முறை சற்றே மாறும். ஆனால் முதலில் நகல், பிறகே பழுதுபார்ப்பு என்ற ஒழுங்கு மாறாது.

அன்றிரவு காளை ஓட்டிச் சென்ற பக்கத்தை மகள் உரக்கப் படித்தாள். தந்தையார் "சுழி சுத்தமான காளை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாரே, அதை அவள் மூன்று இடங்களிலும் விடாமல் எழுதியிருந்தாள். இப்போது அந்தக் கோப்பின் நகல் மூன்று வீடுகளில் இருக்கிறது.