வளைவுக்கு அந்தப் பக்கம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். சமவெளியில் இது ஒரு மணி நேரப் பாடு. இங்கே பஸ்ஸில் போனால் அரைநாள் கரைந்துவிடும். நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இது மாநில நெடுஞ்சாலை 78. பொள்ளாச்சியில் யாரிடமாவது அந்த எண்ணைச் சொல்லி வழி கேட்டால் முழிப்பார்கள். ‘வால்பாறை ரோடு’ என்றால் சின்னப் பையனும் கை காட்டுவான்.

கார் வைத்திருக்கிறவர்களும் ஒருமுறையாவது இந்தப் பாதையில் அரசு பஸ்ஸில் போகவேண்டும் என்பது என் கட்சி. காரில் போனால் அணையைப் பார்ப்போம், அருவியைப் பார்ப்போம், படம் எடுப்போம். பஸ்ஸில் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் முன்சீட்டு கிடைத்தால் சாலையைப் பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது.

கோட்டூர், அங்கலகுறிச்சி வரைக்கும் தென்னந்தோப்புதான். மட்டைக் குவியலும் நார் காயும் களமும் மாறி மாறி வரும். அதன்பின் ஆழியாறு. 1960களில் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தோடு எழுந்த அணை. மேற்கே கேரளப் பக்கம் போகவேண்டிய தண்ணீரை மலைக்குள் அணை கட்டி, சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய திட்டம் அது. வழியில் பார்த்த தோப்புகளில் பலவற்றுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். அணையைத் தாண்டினால் வனத்துறையின் சோதனைச்சாவடி. பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம். குரங்கு அருவிக்கு இப்போது கவியருவி என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். கண்டக்டர் மட்டும் பழைய பெயரைச் சொல்லித்தான் ஆளை இறக்கிவிடுகிறார்.

அதன்பிறகு வளைவுகள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் நேராக ஏறினால் எந்த வண்டியும் திணறும். அதனால் ஏற்றத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஒரு சரிவில் சாய்வாகப் போய், இடம் முடிந்த இடத்தில் திரும்பி, வந்த சரிவிலேயே இன்னும் மேலே. அந்தத் திரும்பும் இடம்தான் கொண்டை ஊசி. ஒவ்வொன்றுக்கும் அடிவாரத்திலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு வேறொரு வேலை உண்டு. காட்டு வழியில் வண்டி கவிழ்ந்தால், மரம் சாய்ந்தால், மண் சரிந்தால், எங்கே என்று சொல்ல ஊரும் கிடையாது, கடையும் கிடையாது. ‘பதிமூணாவது வளைவு’ என்று சொன்னால் ஆம்புலன்ஸ்காரருக்கும் தீயணைப்புக்காரருக்கும் இடம் தெரிந்துவிடும். செலவு கம்மி, பயன் பெரிசு.

எங்கள் டிரைவர் வளைவை எடுத்த விதத்தைச் சொல்லவேண்டும். வளைவுக்குக் கொஞ்சம் முன்பே நீளமாக ஒரு ஹாரன். பிறகு ஒரு நொடி சும்மா இருப்பார். பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்கிறார் என்பது மூன்றாவது நான்காவது வளைவில்தான் எனக்குப் பிடிபட்டது. பதில் வந்தால் வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறார். வராவிட்டால் கியரை இறக்கி, பஸ்ஸின் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் நன்றாக விட்டு, சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். முன் சக்கரம் ரோட்டு விளிம்பில் இருக்க, முன்சீட்டில் இருக்கும் நமக்குக் காலடியில் வெறும் ஆகாசம். பின் சக்கரம் உள்பக்க வாய்க்காலை உரசாமல் வந்துவிடுகிறது.

இறங்கிய பிறகு வால்பாறை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கையில் அவரிடம் கேட்டேன். ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா?

“ஏறுறதுல என்னங்க கஷ்டம்? வண்டி இழுக்கலைன்னா நின்னுபோகும், அவ்வளவுதான். இறங்கறப்பத்தானுங்க பாத்து வரோணும். எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கோணும். கீழ இருந்து வர்றவங்க பிரேக்கையே மிதிச்சுட்டு வருவாங்க. பாதி மலையில கருகுற வாசம் அடிக்கும்.”

அந்த வாசத்துக்குக் காரணம் எளிது. பிரேக்கை விடாமல் மிதித்தால் உராய்வில் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் அது பிடிக்கிற சக்தியை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் வந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது மலைச்சாலையின் பொதுவிதி. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால் வந்தது அது. சமவெளி ஆட்கள் பலருக்கு இரண்டும் தெரிவதில்லை.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. இந்த மலைப்பாதையை அமைத்த லோம் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயர். அங்கிருந்து பார்த்தால் ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். இன்னும் மேலே போனால் கார்வர் மார்ஷுக்கு ஒரு சிலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மலைக்கு வந்து தோட்டங்களை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரைகளில் முக்கியமானவர். ஆனைமலையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். பாதை போட்டவருக்குக் காட்சிமுனை, தோட்டம் உண்டாக்கியவருக்குச் சிலை. காட்டை வெட்டியவர்களுக்கும் கல் சுமந்தவர்களுக்கும் பாதையோரத்தில் பெயர் இல்லை.

தெற்கத்தி மாவட்டங்களில் பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் கிடந்தவர்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். மலையில் நல்ல கூலி, நல்ல வீடு என்று ஆசை காட்டினார்கள். நடந்தே மலை ஏறியவர்களுக்கு மேலே காத்திருந்தது குளிரும் மலேரியாவும் அட்டையும் அடைக்கமுடியாத கடனும். 1940களில் இங்கே தோட்ட மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல், அந்த வாழ்க்கையை ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். 1969இல் அது வெளிவந்தது. இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலாவின் ‘பரதேசி’ படம் இதிலிருந்து பிறந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மறைத்துத்தான் அத்தனை பேரையும் இந்த மலைக்கு ஏற்றினார்கள். இந்தச் சாலையில் நடந்த ஆகப்பெரிய விபத்து அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அட்டகட்டி தாண்டியதும் காற்று மாறுகிறது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. வாட்டர்பால் எஸ்டேட்டில் தேயிலை தொடங்குகிறது. கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாது. புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் ஹெட்லைட்டைத் தூக்கிப் போடுவார்கள். வெளிச்சம் பனியில் பட்டு அவர்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்த்திப் போட்டால்தான் ரோடு தெரியும். ரோட்டின் நடுவிலும் ஓரத்திலும் பதித்திருக்கும் ஒளிப்பட்டைகளும் வெள்ளைக்கோடும் இங்கே அலங்காரம் அல்ல. டிரைவர் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்.

இந்த மாதிரிச் சாலைகளில் பாதுகாப்பு என்றால் முதலில் சுவர்தான் எல்லோர் கண்ணிலும் படும். பழைய கருங்கல் கைப்பிடிச் சுவர்கள் இன்னும் பல மலைகளில் நிற்கின்றன. அதன்பின் இரும்புத் தகடு வந்தது. இப்போது தமிழ்நாட்டு மலைச்சாலைகள் சிலவற்றில் உருளைத் தடுப்பு வைக்கிறார்கள். வரிசையாக நிறுத்திய ரப்பர் உருளைகள். வண்டி மோதினால் அவை சுழன்று, மோதிய வேகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வண்டியை மறுபடி ரோட்டுக்கே தள்ளிவிடும். கல்சுவர் வண்டியை நிறுத்தும், உள்ளே இருப்பவரை நொறுக்கும். உருளை அந்த அடியை வாங்கிக்கொள்கிறது.

கண்ணில் படாத வேலை வாய்க்கால். மலைச்சாலையைக் கெடுப்பது லாரி அல்ல, தண்ணீர். வால்பாறையை ஒட்டிய சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. சரிவிலிருந்து வரும் தண்ணீரை உள்பக்க வாய்க்கால் வாங்கி, சிறுபாலத்தின் அடியில் கடத்திப் பள்ளத்தில் விடவேண்டும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தாருக்கு அடியில் புகுந்து, தடுப்புச்சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். மழைக்கு முன்பு மண்வெட்டியோடு வாய்க்கால் தூர்வாருகிற சாலைப்பணியாளர் செய்வதுதான் பெரிய பாதுகாப்புப் பணி. அதற்குத் திறப்புவிழா கிடையாது.

ஆனால் வால்பாறை ரோடு மற்ற மலைச்சாலைகளிலிருந்து வேறுபடுவது சுவரிலும் வாய்க்காலிலும் அல்ல. ரோட்டில் போகிறவர்கள் நாம் மட்டும் இல்லை என்று இந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஒன்பதாவது வளைவுப் பக்கமே வரையாடுகள் நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, கைப்பிடிச் சுவரின்மேல் ஏறிநின்று வண்டிகளை வேடிக்கை பார்க்கும். ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே தப்பிப்பிழைத்த ஒரு துண்டுக் காடு. அதில் நூற்றுக்கு மேல் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழவேண்டியது, காடு துண்டானதால் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கிறது. வண்டியில் அடிபட்டுச் செத்தது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து ரோட்டுக்கு மேலே இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் பாலம் கட்டினார்கள். பஸ்ஸிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும். பட்டையான துணிக்குழாய்களைப் பின்னிய தொங்கல், தீயணைப்புக்குப் பயன்படும் அதே குழாய். உள்ளூர் ஆட்களைக் காவலுக்கும் போட்டிருக்கிறார்கள். குரங்குக் கூட்டம் ரோட்டோரம் வந்தால் கையை நீட்டி வண்டியை மெதுவாக்குவதும், பிஸ்கட் போடுகிறவர்களைத் தடுப்பதும் அவர்கள் வேலை. நாங்கள் போனபோது ஒருவர் கை காட்டினார். டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். ஒரு தாயும் அதன் வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியுமாகப் பாலத்தைக் கடந்து போயின. பஸ்ஸில் யாரும் ஆச்சரியப்படவில்லை. டவுன் பஸ்ஸுக்குச் சிக்னல் மாதிரி அவர்களுக்குப் பழகிவிட்டிருக்கிறது.

யானை விஷயம் இன்னும் சிக்கல். வால்பாறைப் பீடபூமி யானைகளின் பழைய வழித்தடம். நடுவில் தோட்டம் போட்டவர்கள் நாம். யானைகள் ஆற்றோரத்தையும் துண்டுக் காட்டையும் பிடித்துக்கொண்டு இன்றும் வந்து போகின்றன. யானையால் இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலோர், யானை அங்கே நிற்பது தெரியாமலே இருட்டில் எதிரே போய் மாட்டியவர்கள். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடந்தவர்கள். யானை விரட்டி வந்து கொன்றது என்பது அபூர்வம்.

பிரச்சினை தெரியாமைதான் என்றால் மருந்து தகவல்தானே. ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் அதைத்தான் செய்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியின் அடியில் யானை நிற்கும் இடத்தை எழுத்தாக ஓடவிட்டார்கள். பிறகு கைபேசிக்குக் குறுஞ்செய்தி. பிறகு எஸ்டேட் சந்திப்புகளில் கம்பத்தின்மேல் சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் பொறுப்பான ஒருவர் கைபேசியிலிருந்தே அதை எரியவிடுவார், தூரத்திலிருந்தே தெரியும். பஸ்களிலும் தமிழில் அறிவிப்பு வந்தது, இன்ன இடத்தில் யானை நிற்கிறது, இறங்குகிறவர்கள் பார்த்துப் போங்கள் என்று. இந்த வேலைக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது. இங்கே யாரும் ஒரு சுவரும் எழுப்பவில்லை, அகழி வெட்டவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை இந்தப் பக்கம் இருப்பவருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். அவ்வளவுதான்.

எஸ்டேட்டில் பல தலைமுறையாக இருக்கும் ஓர் அம்மா பக்கத்து சீட்டில் இருந்தார். சிவப்பு விளக்கை நம்புகிறீர்களா என்று கேட்டேன். “நம்பாம என்ன செய்யறது தம்பி? முன்னாடி நாய் குரைச்சா நிப்போம். இப்ப லைட் எரிஞ்சா நிக்கிறோம். நின்னுட்டா அது பாட்டுக்குப் போயிரும்” என்றார்.

வால்பாறையோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். ரோடு திரும்புவதில்லை. சோலையாறு அணையைத் தொட்டு மளுக்கப்பாறைக்குப் போய், கேரளத்தின் 21ஆம் எண் மாநில நெடுஞ்சாலையாக வாழச்சால், அதிரப்பள்ளி வழியே சாலக்குடியில் இறங்குகிறது. மளுக்கப்பாறைச் சாவடியில் கேரள வனத்துறை வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிச் சீட்டுத் தருகிறது. பகலில் மட்டும் அனுமதி. அடுத்த சாவடியில் அந்தச் சீட்டைக் காட்டவேண்டும், நேரம் மிஞ்சினால் காட்டில் எங்கே நின்றீர்கள் என்ற கேள்வி வரும். அதற்கு முணுமுணுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இரவில் அந்தக் காடு யாருடையதோ அவர்களிடம் விட்டுவிடுவதும் சாலைப் பாதுகாப்புதான்.

இந்த ரோட்டை இன்னும் அகலப்படுத்தவேண்டும் என்று பொள்ளாச்சியில் சிலர் சொல்லக் கேட்டேன். திரும்ப இடமில்லாத வளைவுகளைச் சரிசெய்வது வேறு, அது தேவைதான். ஆனால் முழுப்பாதையையும் அகலமாக்க மலையை வெட்டவேண்டும், வெட்டிய மலை அடுத்த மழையில் ரோட்டுக்கே வந்துசேரும். அகலம் கொடுத்தால் முதலில் வருவது வேகம். ஹாரன் அடித்துவிட்டு ஒரு நொடி காது கொடுக்கிற டிரைவரின் வழக்கம் அதில் அடிபட்டுப் போகும். அந்த ஒரு நொடியை எந்தத் தடுப்புச்சுவராலும் ஈடுகட்ட முடியாது. இருக்கிற பணத்தை வாய்க்காலுக்கும் குவிகண்ணாடிக்கும் விளக்குக்கும் காவலுக்கும் போடுங்கள். அரைநாள் ஆகட்டும், போய்ச் சேர்வோம்.