நிற்கும்போது பாருங்கள்

என் பட்டறைக்குள் வர ஒன்றரை அடி கீழே இறங்க வேண்டும். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, பட்டறை பள்ளத்தில் தங்கிவிட்டது. வாசலில் சிமெண்டால் ஒரு சரிவு கட்டியிருக்கிறேன். உள்ளே விட்ட வண்டியை வெளியே எடுக்க, பின்பக்கமாகத் தள்ளி அந்தச் சரிவில் ஏற்ற வேண்டும். "லைசென்ஸ் வந்துடுச்சு அண்ணே, முதல் வண்டி என்ன வாங்கலாம்?" என்று யார் வந்து கேட்டாலும், உள்ளே நிற்கிற ஒன்றைக் காட்டி, "இதை வெளியே எடுத்து நிறுத்துங்க" என்பேன். சாவி தரமாட்டேன்.

இருபத்தாறு வருடம் வண்டி பிரித்து மாட்டியதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: முதல் வண்டியை அது நிற்கும்போது பார்த்து வாங்க வேண்டும். கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் எந்த வண்டியும் தன்னைத் தானே நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். சிக்னலில், சந்து திருப்பத்தில், கடை வாசலில் பின்னால் எடுக்கும்போதுதான் அதன் முழு எடையும் ஓட்டுகிறவர் தலையில் விழுகிறது. புதிதாகக் கற்றவர்கள் விழுவதை நான் அதிகம் பார்த்ததும் அங்கேதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தங்கை வீட்டுக்காரர். முப்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தார். சின்ன வயதிலிருந்தே பெரிய வண்டி மேல் ஆசை. "நீங்க சொன்னா சரி மச்சான்" என்றார். நானே கூட்டிப்போய், ஓட்டிப் பார்த்து, இன்ஜின் சத்தம் கேட்டு, நல்ல நிலையில் இருந்த ஒரு 350 சிசி வண்டியைப் பிடித்துக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தது நான். அவரை அதன் மேல் உட்காரவைத்து இரண்டு காலையும் ஊன்றச் சொல்லிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் சிக்னலில் நிறுத்தும்போது அவர் இடது கால் ஊன்றிய இடத்தில் ஒரு பள்ளம். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் சாயும்வரை கை தாங்கும். அதைத் தாண்டினால் யார் கையும் தாங்காது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. வண்டியை விற்றுவிட்டார். இன்றும் வேலைக்குப் பேருந்தில்தான் போகிறார். அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. தேர்ந்தெடுத்த நான்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன்.

பையனாக இருக்கும்போது கற்றவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் உண்டு. அவன் வாடகை சைக்கிளில் விழுந்து, அப்பாவின் டிவிஎஸ் 50-இல் விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வளர்ந்தவன். சாயும்போது எந்தப் பக்கம் காலை வைக்க வேண்டும் என்று அவன் உடம்புக்கே தெரியும். நாற்பதை ஒட்டிக் கற்பவருடைய உடம்பில் அந்தப் பாடம் இல்லை. அதை அவர் முதல் வண்டியில்தான் படிக்க வேண்டும். படிக்கிற காலத்தில் வண்டி அவருக்கு அடங்கியதாக இருக்க வேண்டும்.

அதனால் விலைப்பட்டியலில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இரண்டு எண்கள்: எடை, சீட் உயரம். ஹோண்டா ஷைன் 100 வண்டி 99 கிலோ. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடை 195 கிலோ, சீட் 805. அதே நிறுவனத்தின் ஹன்டர் 350 சீட் 790தான், ஆனால் எடை 181 கிலோ. சீட் தாழ்வாக இருப்பதால் மட்டும் வண்டி லேசாகிவிடாது. ஹிமாலயன் 450-க்கு சீட் 825-இல் தொடங்குகிறது. ஐந்தடி நாலங்குலம் உள்ளவர் அதில் விரல் நுனியில் நிற்க வேண்டிவரும்.

எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். ஆகவே தினமும் போடுகிற செருப்போடு போய் உட்காருங்கள். இரண்டு பாதமும் பதிகிறதா, இல்லை குதிகால் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். மறுபக்கக் கை நீண்டுபோய்த் தோள் இழுக்கிறதா? பின்னால் வீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டு அதே மாதிரி நின்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டாயிற்று, இனி எதையும் ஓட்டலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எட்டு நல்ல பயிற்சி. பார்வையை எங்கே வைப்பது, மெதுவாக எப்படித் திருப்புவது என்பதை அது சொல்லிக்கொடுக்கும். ஆனால் மேட்டில் நின்று ஹாஃப் கிளட்சில் கிளப்புவதை அது சோதிப்பதில்லை. இதற்குத்தான் கிளட்ச் லேசாக இருக்க வேண்டும், குறைந்த சுற்றிலேயே இன்ஜின் இழுக்க வேண்டும். பவர் முழுவதும் மேல்சுற்றில் இருக்கிற வண்டியில் புதியவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் குறைத்தால் இன்ஜின் அணைந்துவிடும், கொஞ்சம் கூட்டினால் பாய்ந்துவிடும். நூறு சிசி வண்டி அவர் கை நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். கியர் போடும் முறையும் எல்லா வண்டியிலும் ஒன்றாக இருக்காது. கற்ற வண்டியின் முறையே வாங்குகிற வண்டியிலும் இருந்தால் முதல் மாதத்தில் ஒரு குழப்பம் குறையும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. "முன் பிரேக் பிடிக்காதே, தூக்கிப் போட்டுடும்" என்று சொல்லித்தான் நம் ஊரில் பலரும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்தால் அது வழுக்கிக்கொண்டு போகும். வண்டியை நிஜமாக நிறுத்துவது முன் பிரேக்தான். ஆனால் திடீரென்று கவ்வாமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடுகிறோம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விதி வந்தது. சிபிஎஸ்ஸில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டி வாங்குகிறவர் இந்த வருடத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வண்டி பழையதாக இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். அது ஒருமுறையாவது கீழே சாயும். புது வண்டியில் விழும் கீறல் ஓட்டுகிறவர் மனதையும் கீறிவிடும். பார்க்கப் போகும்முன் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய இன்ஜின் பொய் சொல்லாது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஓரிடத்தில் உட்கார்ந்தால் கோன்செட் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டினால் எண்ணெய்ப் பசை ஒட்டக் கூடாது. ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயின் செட் செலவு காத்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 1822 என்றால் 2022-ஆம் வருடம் 18-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் மழையில் கைவிடும்.

சேஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். கடன் குறிப்பு இருந்தால் அதை நீக்க 35-ஆம் படிவம் வேண்டும். பெயர் மாற்ற 29, 30. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மிச்சப்படுகிற பணத்தில் முதலில் தலைக்குப் பொருந்துகிற, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். தாடைப் பட்டையைப் பூட்டித் தலையை ஆட்டினால் அது தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது.

போன ஆடியில் ஒரு டீச்சர் வந்தார். நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் போகிற வழி ஏழு கிலோமீட்டரும் பள்ளம். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏற மறுக்கிறது, பெரிய சக்கர வண்டிதான் வேண்டும் என்றார். சரியான காரணம். துப்பட்டாவை முடிந்துகொண்டு முதலில் ஒரு 150 சிசி வண்டியைத் தள்ளினார். பாதிச் சரிவில் நின்றுவிட்டது, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அடுத்தது ஒரு 125. ஏறியது, ஆனால் அவர் முகம் சுருங்கியது. மூன்றாவது, பத்து வருடம் ஓடிய ஒரு நூறு சிசி வண்டி, டேங்கில் பெயின்ட் மங்கியது. இடுப்பை சீட்டில் அணைத்து, முன் பிரேக்கில் இரண்டு விரல் வைத்து, அடி அடியாகப் பின்னால் ஏற்றினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். வண்டி அசையவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். மேலே போய் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "இதுக்கு எவ்வளவுண்ணே?" என்று கேட்டார்.

அப்போதுதான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.