திண்டிவனத்தில் மூன்று முறை கதவு தட்டினார்கள்!

மதியம் இரண்டு மணி விழுப்புரம் வெயிலில் யார் வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கிறீர்களா? நான் தினம் தட்டுகிறேன். இன்ஷூரன்ஸ் பாலிஸி விற்பது என் பிழைப்பு. காலிங்பெல் அடித்ததும் ஜன்னல் ஸ்கிரீன் லேசாக விலகும். என் டையைப் பார்ப்பார்கள். "அவரு ஊர்ல இல்லீங்களே!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சொல்வதே அந்த 'அவரு'தான்!

சென்னையிலிருந்து இங்கே டிரான்ஸ்ஃபர் ஆனபோது அழாத குறை. ஒரே ஆறுதல், மாமனார் ஊர் திண்டிவனம். மனைவி தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் வந்திருந்தாள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்தால் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, இருட்டுவதற்குள் மாமியார் கை டிபன்.

அன்றைக்குப் பதினோரு கதவு தட்டி, பாலிஸி பூஜ்யம். ஒரு வீட்டில் நாயையே அவிழ்த்து விட்டார்கள். மாமாவிடம் புலம்பினேன். அவர் ரிடையர்டு வாத்தியார். எதைச் சொன்னாலும் பாடம் எடுப்பார்.

"மாப்ளே, அமெரிக்காவுல மார்மன்னு ஒரு சபை. பையனுங்க பதினெட்டு வயசானா ரெண்டு வருஷம் ஊழியத்துக்குக் கிளம்பிடுவாங்க. எந்த நாடுன்னு சபைதான் சொல்லும். வெள்ளைச் சட்டை, டை, பேட்ஜ். ஜோடி ஜோடியா வீடு வீடாக் கதவு தட்டணும். வீட்டுக்கு போன் பேசறதே வருஷத்துக்கு ரெண்டு வாட்டிதான். 2019-லதான் வாரம் ஒரு தடவை பேசலாம்னு விட்டாங்க."

"அட, நம்ம வேலைதான்!"

"ஆமா. ஆனா கமிஷன் கிடையாது. செலவும் அவங்க வீட்டோடது."

"நாயை விடுவாங்களா மாமா?"

"நாய் எந்த ஊர்ல இல்லே? ஆனா, இந்த ஊர்ல ஒரு ராத்திரி எல்லாம் தலைகீழா நடந்துச்சு. மிஷனரி வீட்டுக் கதவை நம்ம ஜனங்க தட்டினாங்க. காலையில வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். திந்திரிணி என்றால் புளிய மரம். புளியங்காடாக இருந்த ஊர் திந்திரிணிவனம், திண்டிவனம் ஆயிற்றாம். சிவன் பெயரே திந்திரிணீஸ்வரர். கோயிலில் கும்பிட்டுவிட்டு வால்டர் ஸ்கடர் பள்ளிக்கூடம் பக்கம் வந்தோம். "இந்த ஸ்கடர் குடும்பம்தான்" என்று ஆரம்பித்தார் மாமா.

தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல பிராக்டீஸ் உள்ள டாக்டர். 1819-ல் அதை விட்டுவிட்டுக் கப்பலேறி யாழ்ப்பாணம் பக்கம் பண்டத்தரிப்புக்கு வந்தார். வந்த புதிதிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஆனாலும் ஊர் திரும்பவில்லை. 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் இந்தியாவிலேயே ஊழியம் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான இன்னொரு டாக்டர் ஜான் ஸ்கடர்தான் திண்டிவனத்தில் இருந்தார்.

அவர் மகள் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்தவள். பஞ்சமும் நோயும் பார்த்து வளர்ந்ததால் மிஷனரி வேலையே வேண்டாம் என்று இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் 1890-ல் திண்டிவனம் வந்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு அமெரிக்காவுக்கே போய் செட்டில் ஆகிவிடுவது என்று பிளான்.

அப்போதுதான் அந்த ராத்திரி. முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, உயிர் போகிற நிலைமை. "அப்பா டாக்டர், அவரை அழைத்து வருகிறேன்" என்றாள் ஐடா. அவர் பதறிவிட்டார். வேறு ஆண் பிள்ளை அறைக்குள் வரக்கூடாது, நீ வா! வைத்தியமே தெரியாத பெண் போய் என்ன செய்வாள்? அவர் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முஸ்லிம். பிறகு இன்னொரு இந்து. மூன்று பேருக்கும் அதே அவஸ்தை, மூன்று பேரிடமும் அதே பதில்.

விடியற்காலையில் சாவு மேளம். ஆள் விட்டு விசாரித்தால், மூன்று பெண்களும் போய்விட்டார்கள்.

டாக்டர் அப்பா பக்கத்து அறையிலேயே இருந்தார். படிப்பு, மருந்து, மனசு எல்லாம் இருந்தும் அன்றைக்குப் பிரயோஜனப்படவில்லை. வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர்.

ஐடா அமெரிக்கா போனாள். செட்டில் ஆக இல்லை, டாக்டருக்குப் படிக்க. 1899-ல் பட்டம். 1900-ல் வேலூர் வந்து ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தாள். துணைக்கு இருந்த அப்பாவும் அதே வருஷம் போய்விட்டார். 1902-ல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி. தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதிய கடிதம் ஒழுங்காக அவரிடம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். (என் பாலிஸி ரிமைண்டர்கள் பின்கோடு போட்டும் திரும்பி வருகின்றன!) 1960-ல், 89 வயதில் கொடைக்கானலில் காலமானார்.

"நல்ல கதை மாமா" என்றேன். அதோடு மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து, ராத்திரி ஒன்றே முக்காலுக்கு மாமியார் என்னை உலுக்கினார். ஆட்டோ, இருட்டு, மனைவியின் அலறல். ஆஸ்பத்திரி கதவு சாத்தியிருந்தது. தினம் கதவு தட்டுகிற எனக்கு அன்றைக்குக் கை நடுங்கியது.

கதவு திறந்தது. தூக்கக் கண்களோடு கொண்டையை முடிந்தபடி ஒரு டாக்டரம்மா. என்னைவிடச் சின்ன வயசு. "நான் பார்த்துக்கறேன். நீங்க வெளியில உட்காருங்க, ஸார்!"

உட்கார முடியவில்லை. அந்த மூன்று பேர் ஞாபகம் வந்தது. ஐடாவின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களும் என்னைப் போல அரைகுறையாகச் சுற்றிய வேட்டியோடு ஓடி வந்த புருஷன்கள்தானே? வெறுங்கையோடு திரும்பி நடந்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? பக்கத்தில் மாமா. வாத்தியார் அன்றைக்குப் பாடம் எதுவும் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை!

அடுத்த வாரம் விழுப்புரத்தில் மறுபடி அதே வெயில், அதே காலிங்பெல், அதே "அவரு ஊர்ல இல்லீங்களே!"

"பரவாயில்லை ஸார், சாக்லேட் குடுக்கத்தான் வந்தேன். பொண்ணு பொறந்திருக்கு" என்றேன்.

கதவு திறந்தது. 'அவரு' பனியனோடு நின்றிருந்தார். இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டார். பாலிஸி எடுக்கவில்லை.