பெருங்காமநல்லூர்த் தூண்

மதுரைக்கு யாத்திரை வருகிற அன்பர்கள் மீனாக்ஷியம்மனைத் தரிசிக்கிறார்கள். திருமலை நாயக்கர் மஹாலைக் கண்டு வியக்கிறார்கள். திருப்பரங்குன்றத்துக்கும் அழகர் கோயிலுக்கும் போய் வருகிறார்கள். மேற்கே செக்கானூரணியைத் தாண்டி, உசிலம்பட்டிச் சீமைக்குச் செல்பவர் மிகச் சிலரே. அச்சீமையிலுள்ள பெருங்காமநல்லூர் என்னும் சிற்றூரில் நாம் ஒரு தூணைக் காண்கிறோம். எந்த மன்னனுடைய வெற்றிக்கும் அடையாளமாக அது நிற்கவில்லை. தங்கள் மானத்துக்காக உயிர் துறந்த பதினாறு பேருக்காக நிற்கிறது.

இது பிறமலைக் கள்ளர் நாடு. வானம் பார்த்த பூமி. 1895-ஆம் வருஷம் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் கடந்து வந்தபோது மேலூர்ப் பக்கத்து வயல்கள் செழித்தன. இந்த மேற்கு நாட்டுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஊர்க்காவல் பலருக்கு ஜீவனமாயிருந்தது. அந்தக் காவல் முறையையும் ஆங்கிலச் சர்க்கார் ஒடுக்கிற்று. அதன்பின், 1911-ஆம் வருஷத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை இம்மக்கள்மீது ஏவிற்று.

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது உலக நீதி. இந்தச் சட்டமோ, இன்ன குலத்தில் பிறந்ததையே குற்றமாக்கிற்று! பிறந்த பாவத்துக்காகக் கைரேகை பதிய வேண்டும். இரவில் போலீஸார் கண் முன்னே கிடக்க வேண்டும். வெளியூர் செல்ல ராத்திரிச் சீட்டுப் பெற வேண்டும். பகலெல்லாம் ஏர் பிடித்தவன் இரவில் மனைவி மக்களோடு தன் வீட்டில் உறங்க உரிமையில்லை.

பெருங்காமநல்லூரார் கைரேகை பதிய மறுத்தனர். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிகளோடு போலீஸார் ஊரை வளைத்தனர். ஊராரிடம் இருந்தவை கம்பும் கல்லும் அரிவாளுமே. துப்பாக்கிகள் வெடித்தன. மாண்டவர்களில் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். குண்டடிபட்டுக் கிடந்தவர்களின் தாகம் தீர்க்கத் தண்ணீர் கொண்டு சென்றவர் அவர் என்று இன்றும் சொல்லுகிறார்கள்.

அமிர்தசரஸில் ஜாலியன் வாலா பாக் படுகொலை நடந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. அதை நாடெங்கும் அறியும். பாட புஸ்தகத்தில் குழந்தைகள் படிக்கின்றனர். பெருங்காமநல்லூரின் பெயரையோ தமிழ்நாட்டிலேயே அறியாதவர் பலர்.

ஆயினும் அம்மக்கள் துணையற்றுப் போகவில்லை. மதுரையில் பாரிஸ்டராயிருந்த தேசபக்தர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். செங்கன்னூரில் பிறந்த அந்த மலையாளக் கிறிஸ்தவரைக் கள்ளர் நாட்டார் 'ரோசாப்பூத் துரை' என்று அன்போடு அழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் ஊர் ஊராகச் சென்று இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947-ஆம் வருஷம் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952-இல் நாடு முழுவதும் ஒழிந்தது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ஆம் தேதி ஜனங்கள் இத்தூணுக்கு மாலை சூட்டுகிறார்கள். மாண்டவர்களின் உற்றாரும் உறவினரும் அவர்களை மறவாதிருப்பது இயல்பே. ஆனால் அவர்கள் மட்டும் நினைத்தால் போதுமா? இந்தச் சட்டம் மறவரையும் குறவரையும் இன்னும் எத்தனையோ எளிய சமூகங்களையும் வாட்டியது. பிறப்பினால் எவரும் குற்றவாளியல்லர் என்பது நம் அனைவருக்கும் உரிய தர்மம். அந்தத் தர்மத்துக்காக இரத்தம் சிந்திய இடத்தை ஒரு குலத்தாருக்கு மட்டும் சொந்தமென்று ஒதுக்கிவிடுவது, மாண்டவர்களை மறுபடியும் குலத்தின் பெயராலேயே எண்ணுவதாகும்.

மதுரைக்கு வருகிற அன்பர்களே! அம்மனைத் தரிசித்தபின் ஒரு பகற்பொழுதை இந்தத் தூணுக்கும் ஒதுக்குங்கள். உங்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.